குட்டைக்கு அக்கரையில் ஒரு குரல்

டோரீன் ஆக்ராய்ட் பொய் எழுதமாட்டாள் என்று கார்ஸ்லியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதனாலேயே அவள்மேல் எரிச்சலும் உண்டு. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்காமலேயே, “இன்னைக்குக் கஸ்டர்டு அடிப்பிடிச்சிடுச்சு, மேல இருக்கறத மட்டும் ஊத்தியிருக்கோம்” என்று சொல்லித் தலைமைச் சமையல்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அவள் கணவன் டெரிக் சுரங்கத் தொழிலாளி. கார்ஸ்லியில் அந்தக் காலத்து ஆண்பிள்ளை வேறு என்னவாக இருந்திருக்க முடியும்? நுரையீரலில் கரித்தூசி அடைந்து 2009-இல் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று டோரீனுக்குத் தெரியவில்லை. இறைச்சி வறுத்தால் சாப்பிட ஆள் இல்லை, சும்மா இருந்தால் திட்ட ஆள் இல்லை. யாரோ சொல்ல, மாவட்டப் பறவைச் சங்கத்தில் பேர் கொடுத்தாள். அவர்கள் ஒரு வரைபடத்தையும் படிவத்தையும் கையில் கொடுத்து, மேட்டுக்காட்டை அவள் பொறுப்பில் விட்டார்கள்.

காடு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் காடு அது. சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு. சுரங்கம் மூடிய பிறகு பிர்ச்சும் வில்லோவும் தாமாக முளைத்து மண்டிக்கொண்டன. கீழே தோண்டிய இடம் உள்வாங்கியதில் நடுவே நிலம் தாழ்ந்து, நீளமாக ஒரு குட்டை கட்டியிருந்தது. ஓரமெல்லாம் கிழிந்த சோபா, சைக்கிள் சக்கரம், யாரோ கழற்றிப் போட்ட கழிப்பறைத் தொட்டி. ஆனால் வில்லோ சிட்டுக்கு அதுதான் அரண்மனை. கைக்குள் அடங்கிவிடும் குருவி அது. கறுப்புத் தொப்பி, பழுப்பு முதுகு, வெளிறிய கன்னம். மற்றச் சிட்டுகளைப்போல யாரோ விட்டுப்போன பொந்தில் போய் ஒண்டாது. இற்றுப்போன மரத்தைத் தானே குடையும், குடைந்த தூளை அலகில் கவ்விக்கொண்டுபோய் எட்டக் கொட்டிவிட்டு வரும். “இதுவும் நம்ம ஆளுதான், தொழிற்சங்கச் சீட்டு மட்டும் வாங்கல” என்பார்கள் பழைய சுரங்கக்காரர்கள். நாடு முழுக்க அந்தக் குருவி வேகமாக அழிந்துகொண்டிருந்தது.

அதைக் கணக்கெடுக்க ஒரு முறை இருக்கிறது. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதிக்குள் இரண்டு தடவை போக வேண்டும். விடிந்து சற்று நேரத்தில், காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போய் நின்று, சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியில் அதன் குரலை இரண்டு நிமிஷம் ஒலிக்கவிட வேண்டும். பிறகு பெட்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குருவி அங்கே இருந்தால், தன் இடத்தில் எவனோ வந்து கத்துவதைப் பொறுக்காது. மூக்கால் பேசுவதுபோல ‘ட்சே, ட்சே, ட்சே’ என்று வைதுகொண்டு வரும். வராவிட்டால் இருநூறு மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும். படிவத்தில் ‘பார்த்தது’, ‘கேட்டது’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு.

முதல் வருஷம் டோரீன் ஐந்து ஜோடிகள் எழுதினாள். பிறகு மூன்று, பிறகு இரண்டு. 2019-இல் ஒற்றைக் குருவி, ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டது. மறு வருஷம் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் போகவில்லை. 2021 மார்ச்சில் விழுந்து கிடந்த பெரிய வில்லோவின் பக்கத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பெட்டியைப் போட்டாள். ஒன்றும் இல்லை. ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். அப்போது குட்டைக்கு அக்கரையிலிருந்து வந்தது அந்தக் குரல். ட்சே, ட்சே, ட்சே. டீயைக் கோட்டின் மேல் ஊற்றிக்கொண்டாள். உறுதி செய்துகொள்ள மறுபடியும் பெட்டியைப் போட்டாள். மறுபடியும் பதில் வந்தது. எழுபது வயதில், கரிமேட்டில் தனியாக நின்று அவள் அழுதாள். ‘கேட்டது: 1’ என்று எழுதினாள். அடுத்த வருஷமும் அதே இடம், அதே ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதே பதில். அதற்கடுத்த வருஷமும். அந்தப் பக்கம் சேறும் முள்ளுமாக இருந்ததால் போய்ப் பார்க்க அவள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

இங்கே அவள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோரீனைக் கேட்டிருந்தால், எனக்கு ஏது தம்பி என்றிருப்பாள்.

நெவில் சக்டன் அவளுக்கு நாலு வயது இளையவன், அதே சுரங்கத்தில்தான் வேலை. 1984-இல் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கி ஆறாவது வாரம், விறகு பொறுக்கப் போன இடத்தில், பட்டுப்போன பிர்ச்சைக் குடைந்துகொண்டிருந்த அந்தக் குருவியை அவளுக்கு முதன்முதலில் காட்டியவன் அவன்தான். அந்த வருஷம் முழுக்க ஊரே ஒரு கட்டாக நின்றது. டோரீனும் அவள் தோழி ஹில்டா கிராஃப்ட்டும் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் தினம் முந்நூறு பேருக்குச் சமைத்தார்கள். குளிரில் கதவைப் பெயர்த்து எரித்தார்கள். ஆனால் பிப்ரவரியில் ஒரு காலை, கல்லெறிக்குப் பயந்து கம்பி வலை போட்ட பேருந்தில் ஏறி நெவில் வேலைக்குப் போனான். பதினோரு நாள் கழித்து வேலைநிறுத்தமே முடிந்துபோனது. பதினோரு நாள் பொறுத்திருந்தால் அவனும் மற்றவர்களோடு கொடி பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பான். அவன் சுவரில் ‘கருங்காலி’ என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினார்கள். மன்றத்துக்குள் அவன் காலெடுத்து வைக்கக்கூடாது என்று ஆயிற்று. டோரீன் அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இவ்வளவு வருஷமா, இன்னுமா என்பார்கள். ஆமாம், இன்னும்தான். மூன்று தெரு தள்ளி இருந்தான். கடையில் எதிரே வந்தால் அவள் ரொட்டி அடுக்கைப் பார்ப்பாள், அவன் பால் அடுக்கைப் பார்ப்பான். டெரிக்கின் சவ அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிப் போகச் சொல்லி டோரீன் ஆளனுப்பினாள். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு எரியும். ஆனாலும் அனுப்பியது அனுப்பியதுதான்.

2023-இல் மேட்டுக்காட்டை மட்டம் தட்டிப் பெரிய சரக்குக் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டது. ஹில்டா கிளம்பிவிட்டாள். எழுபத்தைந்து வயதிலும் அவளுக்கு ஒரு சண்டை கிடைத்தால் பத்து வயது குறையும். வீட்டுக்கு வீடு ஜன்னலில் குருவிப் படம், சட்டைக்குச் சட்டை குருவி வில்லை. ஆனால் வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கரிமேட்டையும் முட்புதரையும் காட்டி ஒன்றும் நடக்காது, வில்லோ சிட்டு அங்கே வாழ்கிறது என்பது ஒன்றுதான் பிடி. அந்தப் பிடி டோரீனின் படிவங்களில் இருந்தது.

ஏப்ரலில் சங்கத்து ஒருங்கிணைப்பாளர் ஜோசி ஒரு வரைபடத்தோடு ஓடி வந்தாள்.

“டோரீன், கேளுங்க! பக்கத்து டவுன் இயற்கைக் கழகத்துலயும் ஒருத்தர் அதே காட்டுல கணக்கெடுத்திருக்காரு. அவங்களுக்கும் மூணு வருஷமும் குருவி கேட்டிருக்கு. தேதிகூட அதே தேதி! ஒருத்தர ஒருத்தர் தெரியாத ரெண்டு சாட்சி. வக்கீல் துள்ளிக் குதிக்கிறாரு.”

வரைபடத்தில் சிவப்புப் புள்ளி டோரீனின் குருவி, குட்டைக்கு அக்கரையில், பழைய சரக்கு ரயில் மேடை ஓரமாக. நீலப் புள்ளி மற்றவரின் குருவி, இக்கரையில். அது விழுந்து கிடக்கும் வில்லோவின் மேலேயே இருந்தது. டோரீன் நிற்கும் இடம். கீழே நேரம் போட்டிருந்தது, ஏழு நாற்பத்திரண்டு. தன் நோட்டைத் திறந்து பார்த்தாள். ஏழு நாற்பத்திரண்டு. கணக்கெடுத்தவர் பெயர் இருந்த இடத்தில் என். சக்டன் என்று இருந்தது.

“ஏன் ஒருமாதிரி ஆயிட்டீங்க?” என்றாள் ஜோசி.

“ஒண்ணுமில்ல, கண்ணு. இத நான் வச்சிக்கிறேன்.”

மறுநாள் காலை மூன்று தெரு நடந்துபோய் அவன் கதவைத் தட்டினாள். நெவில் வீட்டுச் செருப்போடு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு வந்தான். மனைவி ஜானிஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவனும் தனிக்கட்டை. அக்காவைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

“தப்பான வீட்டத் தட்டிட்ட.”

“தெரிஞ்சுதான் தட்டுனேன். மேட்டுக்காட்டுல நீ எங்க நிப்ப?”

முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“பழைய ரயில் மேடைகிட்ட. ஏன், அதுக்கும் உங்க மன்றத்துல அனுமதி வாங்கணுமா?”

அவள் வரைபடத்தை நீட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து, நீலப் புள்ளியில் விரலை வைத்தான்.

“இது என் குருவி.”

“அது நான்,” என்றாள் டோரீன்.

அவன் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். அது அவன் நிற்கும் ரயில் மேடை. திடீரென்று சிரிப்பு பீறிட்டது, பாதியில் நின்றுபோனது.

“நீ போட்டத நான் கேட்டு...”

“குருவின்னு நெனச்சு நீ போட்ட. அதக் கேட்டு நான் மறுபடி போட்டேன்.”

“மூணு வருஷம்,” என்றான் நெவில். “உன்கிட்ட மறைக்கறதுக்கென்ன, அந்தக் குருவியக் கேக்கணும்னுதான் மார்ச் வரைக்கும் உயிரோட இருக்கணும்னு நெனப்பேன்.”

டோரீனும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“ஒருவேளை நெஜமாவே ஒண்ணு இருக்கலாம்,” என்றாள். “தேதி இன்னும் முடியல. நாளைக்குக் காத்து இல்லன்னு ரேடியோல சொல்றான். சேந்து போவோம். ஒரே பெட்டி. உன்னுத வீட்டுலயே வச்சிட்டு வா.”

போனார்கள். முதலில் இக்கரை முழுக்க, பிறகு நெவில் முள்ளை ஒதுக்கிக் கைபிடித்துக் கூட்டிப்போக, அக்கரை. மொத்தம் பன்னிரண்டு இடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம் குரல், பிறகு அமைதி. ராபின் பாடியது. குட்டி ரென் பறவை காடே அதிரக் கத்தியது. பட்டாணிக் குருவிகள் வந்து என்ன என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஐந்தாவது இடத்தில் நெவில் கீழே பார்த்துக்கொண்டு பேசினான்.

“பதினோரு நாள்.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

“ஜானிஸுக்கு எட்டாம் மாசம். வீட்டுல பச்சத் தண்ணி உறைஞ்சு கெடந்துச்சு.”

“எங்க வீட்டுலயும்தான் உறைஞ்சுச்சு, நெவில்.”

“தெரியும். உன்ன மன்னிக்கச் சொல்லல. சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன்.”

அவள் பெட்டியை அணைத்தாள். இருவரும் காது கொடுத்து நின்றார்கள். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரி போகும் இரைச்சல் மட்டும் இருந்தது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. ரயில் மேடையில், அவன் மூன்று வருஷம் நின்ற இடத்தில், டோரீன் விதியை மீறி நாலு நிமிஷம் ஒலிக்கவிட்டாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் விழுந்த வில்லோ தெரிந்தது. அங்கிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தவரைதான் அந்தக் காட்டில் குருவி இருந்தது. பன்னிரண்டாவது இடத்தில் டோரீன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். 2019-இல் அந்தக் கடைசிக் குருவியைப் பார்த்தபோது முழுதாக அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசி என்று தெரிந்திருந்தால் கையுறை எக்கேடு கெட்டால் என்ன?

“யார்கிட்டயும் சொல்லாத,” என்றான் நெவில். “குருவி இல்லன்னா என்ன, காடாவது நிக்கட்டும். நீ உன் தாள வாபஸ் வாங்கிடு, என்னுது நிக்கட்டும். நாளைக்குத் தெரிஞ்சா கருங்காலி பொய் சொன்னான்னு சொல்லுவாங்க. சொல்லட்டுமே. எனக்கு அது புதுசா?”

அவள் மூன்று நாள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சும்மா இருந்துவிட முடியும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் காட்டை அவளைவிட நேசித்தவர்கள் கார்ஸ்லியில் கிடையாது. ஆனால் இருக்கிறது என்று எழுதிவிட்டால், அது எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள். செத்துப்போனவருக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதுபோல அது. அந்தக் குருவிகள் போனதையாவது போனதாக எழுத ஒரு ஆள் வேண்டாமா? நாலாம் நாள் நெவிலிடம் போய் இதைச் சொல்ல, ‘சரி, என்னுதையும் சேத்து எடுத்துடு’ என்றான்.

திட்டக் குழு மே மாதம், மன்றத்துக் கூடத்திலேயே கூடியது. கூடம் நிரம்பி வழிந்தது, எல்லார் நெஞ்சிலும் குருவி வில்லை. டோரீன் எழுந்து, தன் மூன்று வருஷப் பதிவுகளையும் ரத்து செய்யச் சொன்னாள். மற்றவர் பதிவுகளும் தவறு, அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன் என்றாள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அப்ப மூணு வருஷமா அங்க கத்துனது என்ன, மிஸஸ் ஆக்ராய்ட்?”

“என் தம்பி,” என்றாள் டோரீன். “என் தம்பி நெவில். நான் போட்ட பெட்டிய அவன் குருவின்னு நெனச்சான். அவன் போட்டத நான் நெனச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தம்பி கிடையாது என்று 1985-இல் இதே கூடத்தில் அவள் சொன்னதைக் கேட்டவர்கள் இருபது பேராவது அங்கே இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ‘கருங்காலி’ என்றது. நெவிலைச் சொன்னதா, அவளைச் சொன்னதா என்று கேட்க அவள் திரும்பவில்லை.

கிடங்குக்கு ஆதரவாக ஏழு ஓட்டு, எதிராக நாலு.

கூட்டம் கலையும்போது ஹில்டா எதிரே வந்து நின்றாள். டோரீனோடு சேர்ந்து உருளைக்கிழங்கு உரித்த கைகளால் தன் குருவி வில்லையைக் கழற்றினாள்.

“முப்பத்தெட்டு வருஷம் வாயத் தெறக்காம இருந்த. இன்னைக்கு ஏன்டி தெறந்த?”

ஹில்டா போனாள். அவளுக்குப் பின்னால் போனவர்கள் டோரீனைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்காமல் இருப்பது எப்படி என்று அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

நெவில் வெளியே, மன்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் நின்றிருந்தான். உள்ளே அவனுக்கு இடமில்லை.

“போச்சா?”

“போச்சு. ஏழுக்கு நாலு.”

“என்ன கேட்டாங்க?”

“அங்க கத்துனது என்னன்னு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன்.”

“உள்ளயா? எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்தான்.”

“என்னன்னு சொன்ன?”

“என் தம்பின்னு.”

அவன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் எதையோ தேடுகிறவன்போலப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான். இருவரும் தெரு முனைவரை நடந்தார்கள். அவன் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், அவள் நேரே போக வேண்டும். இரண்டு பேரும் நின்றார்கள்.

“நம்ம டோரீன்,” என்றான். வீட்டு ஆட்கள் மட்டும் அழைக்கும் விதம் அது. டெரிக் போன பிறகு அவளை அப்படி அழைக்க ஒருவரும் இருக்கவில்லை. “கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வில்லோ நிக்குது. பிப்ரவரில போய்ப் பாக்கலாமா?”

“பாக்கலாம்.”

“ஒண்ணாவது இருக்கும்ல?”

அவன் முகத்தைப் பார்த்தாள். இருக்கும் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

“இருக்காது, நெவில்,” என்றாள். “ஆனாலும் போய் நின்னு கேட்டுட்டுத்தான் இல்லன்னு எழுதணும்.”